யூத நண்பரின் தாத்தா காலமானார்: துக்கத்துக்கு எப்படிப் போவது? (நேயர் கேள்விக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. நியூ ஜெர்சியில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. சுருக்கி வாசிக்கிறேன்.

"அண்ணா, என்கூட வேலை பார்க்கிற யூத நண்பரோட தாத்தா தவறிட்டார். நூறு வயசை நெருங்கினவர். ரெண்டாம் உலகப் போர்ல ஐரோப்பாவுல சண்டை போட்டவராம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானா பேரப்பிள்ளைங்க எல்லாம் அவர் வீட்லதான் இருக்கணும், ஒவ்வொருத்தர் தலையிலயும் கை வெச்சு ஏதோ சொல்லுவாராம். துக்கம் கேக்கப் போகணும். மாலை வாங்கிட்டுப் போகலாமா? என்ன பேசணும்?"

தம்பி, முதல்ல மாலையை விட்ருங்க. பூ வைக்கிறது அவங்க வழக்கம் கிடையாது. அடக்கம் முடிஞ்சிருக்கும். கூடுமானவரைக்கும் ஒரு நாள், ரெண்டு நாள்லயே முடிச்சிடுவாங்க. சாதாரண மரப்பெட்டி, வெள்ளைத் துணி, அவ்வளவுதான். கோடீஸ்வரனா இருந்தாலும் அதே வெள்ளைத் துணிதான். வீட்டு ஆளுங்களே மண்ணு தள்ளி குழியை மூடுவாங்க.

அதுக்கப்புறம் ஏழு நாள் வீட்ல உக்காருவாங்க. அதுக்கு ஷிவான்னு பேரு. துக்கக்காரங்க தாழ்வான ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருக்கும், சட்டையில ஒரு கிழிசலோ கிழிச்ச கறுப்பு ரிப்பனோ இருக்கும். இங்க ஒண்ணு கவனிங்க. மத முறைப்படி அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி, இவங்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு எல்லாம். பேரன் அந்தக் கணக்குல வரமாட்டான். அதனால உங்க நண்பர் ஸ்டூல்ல உக்காராம காபி ஊத்திக் கொடுத்துட்டு இருந்தார்னா, 'என்னடா இவன் தாத்தா செத்ததைக் கண்டுக்கவே இல்லையே'ன்னு நினைச்சிராதீங்க. உள்ள நுழைஞ்சதும் முதல்ல அந்தத் தாத்தாவோட மகனையோ மகளையோ போய்ப் பாருங்க.

வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் போகாதீங்க. அது சப்பாத், ஓய்வு நாள். அன்னிக்கு வெளிப்படையா துக்கம் காட்ட மாட்டாங்க. மத்த நாள்ல கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும், பெல் அடிக்க வேண்டாம்.

சாப்பாடு கொண்டு போறது நல்ல விஷயம். ஆனா வீட்ல புளியோதரை செஞ்சு, 'சைவம்தானே, யாரும் சாப்பிடலாம்'னு எடுத்துட்டுப் போயிடாதீங்க. கோஷர்ங்கிற யூத உணவு விதியைக் கண்டிப்பா கடைப்பிடிக்கிற குடும்பமா இருந்தா பொருள் மட்டும் சரியா இருந்தாப் போதாது, சமைச்ச பாத்திரமும் அடுப்பும்கூட பார்ப்பாங்க. வெட்டாத பழம் வாங்கிட்டுப் போங்க, இல்ல கோஷர் முத்திரை போட்ட கடையில சீல் பிரிக்காத டப்பாவா வாங்குங்க.

இப்ப பேச்சுக்கு வரேன். நம்மாளுங்க தப்பு பண்றது இங்கதான். நூறு வயசுன்னதும் நமக்கு வாயில தானா வந்துடும்: 'கல்யாணச் சாவு சார், பேரன் பேத்தி எடுத்து நல்லா வாழ்ந்துட்டுப் போயிட்டாரு.' நம்ம ஊர்ல அது மரியாதை, தாரை தப்பட்டையே அடிப்போம். அங்க அதைச் சொல்லாதீங்க. முப்பது வயசுல போனாலும் நூறு வயசுல போனாலும் ஏழு நாள் ஏழு நாள்தான். போதுமான அளவு வாழ்ந்துட்டார்னு தீர்ப்பு சொல்ல நாம யாரு? அவங்க மரபுல, துக்கக்காரர் வாயைத் திறக்கிற வரைக்கும் வந்தவங்க பேசக்கூடாது. யோபுவோட நண்பர்கள் ஏழு நாள் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு வேதத்துல வருது இல்லையா, அதுல இருந்து எடுத்துக்கிட்டது. அவங்க ஆரம்பிச்சதும் நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: "தாத்தாவைப் பத்திச் சொல்லுங்களேன்." அதுக்காகத்தான் அத்தனை பேரும் அங்க உக்காந்திருக்காங்க. அடக்கத்தன்னிக்குப் பேசற இரங்கல் உரைக்குக்கூட சட்டம் வெச்சிருக்காங்க. இல்லாத பெருமையை அளந்து விடக்கூடாது, இருந்த நல்லதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். அந்த 'கொஞ்சம்' எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தலையில கை வைக்கிறதைக் கேட்டிருந்தீங்க. அது சப்பாத் ஆசீர்வாதம். பையனா இருந்தா, 'கடவுள் உன்னை எப்ராயீம் மாதிரியும் மனாசே மாதிரியும் ஆக்குவாராக'ன்னு சொல்லுவாங்க. பொண்ணுன்னா சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பேரு வரும். வழக்கமா பெத்தவங்க சொல்றது. ஆனா அந்த முதல் வரி எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. ஆதியாகமம் 48-ம் அதிகாரம். கண்ணு மங்கிப்போன கிழவன் யாக்கோபு, சாகறதுக்கு முன்னாடி தன் மகன் யோசேப்போட பிள்ளைங்க எப்ராயீம், மனாசே ரெண்டு பேரு தலையிலயும் கை வெச்சுச் சொன்னது. தாத்தா பேரனுங்களுக்குச் சொன்னது! அந்த வீட்ல அந்த மனுஷன் அதைக் கடைசி வரைக்கும் விடலேன்னா, அதைப் பத்திக் கேளுங்க, வீடே பேச ஆரம்பிச்சிடும்.

போர் சமாசாரம் மட்டும் வேற. ரெண்டாம் உலகப் போர்ல 5 லட்சத்துக்கும் மேல யூதர்கள் அமெரிக்கப் படையில இருந்தாங்க. கழுத்துல தொங்குற அடையாளத் தகட்டுல மதத்துக்கு ஒரு எழுத்து இருக்கும், இவங்களுக்கு 'எச்' (H), அதாவது 'ஹீப்ரு'. செத்தா எந்த முறையில அடக்கம்னு தெரியறதுக்கு. ஆனா ஜெர்மன்காரன் கையில சிக்கினா அந்த எழுத்தே எமன். சில பேரு தகட்டைத் தூக்கி எறிஞ்சிருக்காங்க. 1945 ஜனவரியில ஒரு ஜெர்மன் முகாம்ல, யூதக் கைதிங்க மட்டும் முன்னால வரணும்னு உத்தரவு. ராடி எட்மண்ட்ஸ்னு ஒரு சார்ஜென்ட், அவரு கிறிஸ்தவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிங்க அத்தனை பேரையும் வரிசையில நிறுத்தி, 'நாங்க எல்லாருமே யூதர்கள்தான்'னு சொல்லிட்டாரு. துப்பாக்கியைக் காட்டினாங்க, அசையல. சுமார் 200 யூத வீரர்கள் தப்பிச்சாங்க. இதை அவரு வீட்ல வாயைத் திறந்து சொன்னதே இல்ல. 1985-ல செத்துப்போனாரு, அதுக்கப்புறம் மகன் தேடித்தான் வெளிய வந்துச்சு. அந்தத் தலைமுறையே அப்படி. அதனால 'எத்தனை பேரைச் சுட்டார்'னு கேட்டுராதீங்க. அடக்கத்துல ராணுவத்துல இருந்து வந்து முக்கோணமா மடிச்ச கொடியைக் குடும்பத்துக்குக் கொடுத்திருப்பாங்க. அது அலமாரியில இருந்தா, 'எந்தப் படைப்பிரிவுல இருந்தார்?'னு கேக்கலாம். அதோட நிறுத்திக்கங்க.

கிளம்பும்போது, 'சீயோன், எருசலேமுக்காகத் துக்கப்படறவங்களோட சேர்த்து கடவுள் உங்களையும் தேற்றுவாராக'ன்னு சொல்லிட்டுப் போறது அவங்க முறை. உங்களுக்கு வராதுன்னா தலையை ஆட்டிட்டு வந்துடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வருஷா வருஷம் திதி மாதிரியே அவங்களும் சந்திரக் கணக்குப்படி இறந்த நாள் பார்த்து, ஒரு நாள் முழுக்க எரியற மெழுகுவத்தி ஏத்துவாங்க. ஆங்கிலத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். நண்பர்கிட்ட கேட்டு காலண்டர்ல குறிச்சு வெச்சு, அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்க.

இன்னொரு உதவியும் பண்ணலாம், ஆனா ஏழு நாள் கழிச்சு. தாத்தாவோட ராணுவ ஆவணம் வேணும்னு குடும்பம் நினைச்சா, செயின்ட் லூயிஸ்ல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதணும். 1973-ல அங்க பெரிய தீ. 1960-க்கு முன்னாடி விடுவிக்கப்பட்ட தரைப்படைக்காரங்க கோப்புல சுமார் 80 சதவீதம் போயிடுச்சு. அவரோடதும் போயிருக்கலாம். அதனால முதல்ல வீட்டுப் பெட்டியில அவரோட விடுவிப்புச் சான்றிதழைத் தேடச் சொல்லுங்க, பல வீட்ல அது ஒண்ணுதான் மிச்சம். தேடும்போது பழைய கடிதம், போட்டோ எதையும் குப்பையில போட்டுராதீங்கன்னும் சொல்லுங்க.

சரி, அடுத்து கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு.