2⁻³ என்பது −8 இல்லை, மக்களே

[திரையில்: ஒரு கை எழுதுகிறது: 2³ × 2⁴ = 2¹²]

வணக்கம் மக்களே. நான் நாகர்கோவில் வடசேரியில டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பு நோட்டைத் திருத்த உக்காந்தா இந்த வரி கண்ணுல படாம இருக்காது. விதி தெரியாம இல்ல, ரெண்டு விதி மனசுல ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. அதனால விதியை விட்டுட்டு விரிச்சு எழுதுங்க.

[திரையில்: (2×2×2) × (2×2×2×2)]

எண்ணுங்க. ஏழு ரெண்டு. அப்போ 2⁷, அதாவது 128. சிலர் 4⁷னு போடுவாங்க. பெருக்குறது அதே ரெண்டைத்தானே, அடிமானம், அதாவது கீழ இருக்குற பெரிய எண், எப்படி மாறும்? 2¹² வரணும்னா கணக்கு (2³)⁴னு இருக்கணும்.

நடுவுல கூட்டல் குறி இருந்தா அடுக்கை, அதாவது மேல இருக்குற சின்ன எண்ணை, தொடாதீங்க. 2³ + 2⁴ = 8 + 16 = 24, அவ்வளவுதான். அப்புறம் −3². அடைப்புக்குறி இல்லாததால அடுக்கு மூணுக்கு மட்டும்தான், விடை −9. (−3)² தான் 9.

இப்போ 2⁻³. இதுக்குத்தான் இந்த வீடியோவே. நிறைய பிள்ளைங்க −8னு எழுதுறாங்க. ஒரு பிள்ளை கேட்டா, "சார், ரெண்டை மைனஸ் மூணு தடவை எப்படிப் பெருக்குறது?" அருமையான கேள்வி. அடுக்களையில இருந்து தேங்காய் எடுத்துட்டு வந்தேன்.

[திரையில்: எட்டுத் தேங்காய், ஒவ்வொரு தடவையும் பாதியாகிறது]

எட்டுத் தேங்காய், 2³. பாதியாக்கினா நாலு, 2². மறுபடி பாதி, ரெண்டு, 2¹. இன்னொரு தடவை பாதி, ஒத்தைத் தேங்காய். அதுதான் 2⁰. அது ஏன் பூஜ்யம் இல்ல, ஒண்ணுன்னு இப்போ தெரியுதா? அடுக்கு ஒண்ணு குறைஞ்சா, ரெண்டால ஒரு தடவை வகுக்கிறோம்.

இனி வெட்டுகத்தியால ஒரு தட்டு. கையில ஒரு முறி. 2⁻¹, அரை. முறியில பாதி கால், 2⁻². அதுலயும் பாதி 2⁻³, எட்டுல ஒரு பங்கு. துண்டு சின்னதாகிட்டே போகுது, ஆனா தேங்காய் கடனா மாறல. அடிமானம் அஞ்சுன்னா அஞ்சால வகுத்துக்கிட்டே இறங்கணும்; 5⁻² = 1/25.

எட்டுல ஒரு பங்குக்கு நம்ம பாட்டிமார்கிட்ட பேரே இருந்துது: அரைக்கால். காலில் பாதி. அதுலயும் பாதி வீசம். வீசத்துக்கு ரெண்டின் அடுக்கு என்ன? வீடியோவை நிறுத்திட்டு, நோட்டுல எழுதிப் பாருங்க மக்களே.