வினாகிரிப் போத்தலும் இரண்டு மலைகளும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

மலை பார்க்கப் புறப்படும்போதெல்லாம் என் பையில் தண்ணீர்ப் போத்தலோடு இன்னொரு சின்னப் போத்தலும் இருக்கும். அதில் இருப்பது வினாகிரி. பாடசாலையில் புவியியல் படிப்பித்த காலத்துப் பழக்கம் அது. வழியில் புதிய கல் ஒன்றைக் கண்டால் ஆணியால் இலேசாகக் கீறி, கீறிய இடத்தில் ஒரு துளி விடுவேன். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் துளி விழுந்த இடம் பொரிந்து நுரைக்கும். இல்லையென்றால் துளி வழிந்து போய்விடும்.

மலேசியாவின் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்துவந்த அனுபவத்தைப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் நம் கிழக்கிலங்கையின் தாந்தாமலையையும் உகந்தையையும் பக்கத்தில் வைக்காமல் அந்த மலைகளைப் பற்றி என்னால் பேச முடியாது. அங்கே நின்றுதான் நம் ஊர் மலைகளை நான் முதன்முதலாகச் சரியாக விளங்கிக்கொண்டேன்.

மட்டக்களப்பிலிருந்து மலேசியா போகிறவர்கள் பத்துமலையை விட்டுவிட்டு வருவதில்லை. 42.7 மீற்றர் உயர முருகன் சிலை, 272 படிகள், மேலே குகைக்குள் கோயில். படியேறிய களைப்போடு கும்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு பலரும் இறங்கிவிடுகிறார்கள். அங்கே நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள் என்று போகிற எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன். ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்தில் கூரை. ஓரிடத்தில் அந்தக் கூரை உடைந்து வானம் தெரிகிறது. அந்த மண்டபத்தை எந்தச் சிற்பியும் குடையவில்லை. மழைநீர் குடைந்தது.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மிக மென்மையான ஓர் அமிலமாகிறது. சோடாப் போத்தலில் இருப்பதும் அதே அமிலம்தான். அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்குள் இறங்கிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகிறது. ஓர் ஆண்டில் கரைவது கண்ணுக்குத் தெரியாது. பத்துமலையின் கல்லுக்கு வயது ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகள் என்கிறார்கள். நீருக்கு அங்கே அவசரம் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே, ஈப்போவில் என் தங்கை மகன் குடும்பத்தோடு இருக்கிறான். அந்தக் கிந்தா பள்ளத்தாக்கை முதலில் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்தான். அறுவடை முடிந்த வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நெற்கதிரைக் குவித்துச் சூடு வைத்திருப்போமே, அதைப்போல் சமதரையிலிருந்து திடீரென்று மலைகள் எழுந்து நிற்கின்றன. சரிவே கிடையாது, செங்குத்துச் சுவர்தான். வெள்ளையும் சாம்பலும் கலந்த அந்தச் சுவரில் செம்மண் நிறக் கறை வழிந்திருக்கும், உச்சியில் பச்சைக் காடு கவிந்திருக்கும். இளைஞர்கள் கயிறு கட்டி அந்தச் சுவர்களில் ஏறுகிறார்கள். நீர் அரித்த விளிம்புகளும் பொந்துகளும் கைப்பிடியாக உதவுவதால் பாறை ஏறுவோருக்குச் சுண்ணாம்புக் கல் மிகவும் பிடிக்குமாம். நான் கீழே நின்று பார்த்ததோடு சரி.

பார்க்க அழகாக இருக்கும் அதே சுவர்தான் ஆபத்தும். ஈப்போவில் கல்லுமலைக் கோயில் இருக்கிற குனுங் செரோ மலையில் 1973ஆம் ஆண்டு பெரும் பாறை ஒன்று பிரிந்து அடிவாரத்துக் குடியிருப்பின்மேல் விழுந்தது. நாற்பது பேரளவில் இறந்தார்கள். நீர் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் மலையின் அடியில் நிற்கிறோம் என்ற நினைவு அங்கே போகிறவர்களுக்கு இருக்க வேண்டும். சுவரை ஒட்டி உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்க்கப்போன என்னைத் தங்கை மகன் கையைப் பிடித்து எழுப்பி, தள்ளியிருந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

கோப்பேங் ஊருக்கு அருகில் தெம்புருங் குகை இருக்கிறது. அதற்குள் போனதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கொஞ்சத் தூரத்துக்குப் படிகளும் விளக்குகளும் உண்டு. அதற்கப்பால் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, குகைக்குள் ஓடும் ஆற்றில் இறங்கி, சில இடங்களில் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். என் முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை, படிகளோடு நின்றுகொண்டேன். வெளியே கொளுத்திய வெயில் உள்ளே பத்தடி வைத்ததும் காணாமல் போனது. வெளவால் எச்சத்தின் வாடை, ஈரக் கல்லின் வாடை. பிறகு ஒரு சொட்டுச் சத்தம். நின்று கேட்டால் அடுத்த சொட்டு. கூரையிலிருந்து தொங்கிய கல் விழுது ஒன்றின் நுனியில் அந்தச் சொட்டு திரள்வதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். நன்றாகத் திரண்டு, கனத்து, நடுங்கி, பிறகுதான் விழுந்தது. விழுவதற்கு முன் தான் கரைத்துக்கொண்டு வந்த சுண்ணாம்பில் கடுகளவும் இல்லாத ஒரு பங்கை அந்த நுனியில் விட்டுவிட்டுப் போகிறது. அந்த விழுது ஒரு சென்றிமீற்றர் வளர நூறு ஆண்டு அளவில் எடுக்கலாம். நான் பார்த்தது என் உயரத்தைவிடப் பெரிது.

என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். வழிகாட்டிப் பையன், பேராக் மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளை, "தொடாதீர்கள் ஐயா" என்றான். கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படியாதாம், வளர்ச்சி நின்றுவிடுமாம். முப்பது ஆண்டுகள் இதைப் பாடமாகச் சொன்னவன் நான். இருந்தும் கை போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். வினாகிரிப் போத்தலை நான் உள்ளே திறக்கவில்லை. வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் கிடந்த உடைகல்லில் ஒரு துளி விட்டேன். பொரிந்தது.

சரி, இலங்கையில் இப்படிக் கல் இல்லையா? உண்டு. யாழ்ப்பாணம் முழுவதுமே சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணறு அந்தக் கல் கரைந்து ஏற்பட்ட பள்ளம்தான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். மாத்தளைப் பக்கம் போனால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பளிங்காக மாறிய சுண்ணாம்புக் கல் இருக்கிறது. சமனலவெவ அணையின் கதையை இளையவர்கள் படிக்க வேண்டும். 1992இல் அங்கே நீரைத் தேக்கியபோது வலது கரை மலையின் கரைந்த துவாரங்கள் வழியாக நீர் பிய்த்துக்கொண்டு வெளியேறியது. இன்றும் அந்தக் கசிவு நிற்கவில்லை. கீழே கல்தொட்டைப் பக்கத்து வயல்களுக்கு அந்த நீரே பாய்கிறது.

நம் பக்கம் வேறு. குடும்பிமலை, தாந்தாமலை, சங்கமன்கண்டி, உகந்தை எல்லாம் நூறு கோடி ஆண்டு அளவில் பழைமையான கருங்கல் வகை. படிகம் (குவார்ட்ஸ்), களிக்கல் (ஃபெல்ட்ஸ்பார்) என்ற கனிமங்கள் இறுகிய அந்தக் கல்லை மழைநீர் சுண்ணாம்பைப்போல் கரைக்க முடியாது. ஆகவே இங்கே மலைக்குள் மண்டபம் இல்லை, தொங்கும் விழுது இல்லை. வெளிப்புறம்தான் வெங்காயத் தோல்போல் தட்டுத் தட்டாக உரிகிறது. உரிந்த தட்டுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கக்கூடிய கற்குகை கிடைக்கும். உரியாமல் மிஞ்சிய உச்சிதான் மொட்டைத் தலையாக நிற்கிறது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகப் போகையில் தெரியும் அந்த உச்சியை நம்மவர்கள் குடும்பி என்றார்கள். சிங்களத்தில் அது தொப்பிக்கல், ஆங்கிலேயருக்குப் பிரபுவின் தொப்பி. மூன்று மொழிக்காரரும் அதில் ஒரு தலையைத்தான் கண்டிருக்கிறார்கள்.

உள்ளே போக வழியில்லாத நீர் இந்த மலைகளின்மேலே தங்குகிறது. உகந்தையில் வள்ளியம்மன் மலைக்கு ஏறியவர்களுக்கு அந்தச் சுனைகளைத் தெரியும். கல்லில் சிறு குழி விழுகிறது, அதில் நீர் தேங்குகிறது, தேங்கிய நீர் குழியை இன்னும் சற்று ஆழமாக்குகிறது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்குகிற இடம் அது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே, உச்சிக் கல்லில், கையால் அள்ளும் தூரத்தில் நீர். சுண்ணாம்பு மலையாக இருந்திருந்தால் அந்த நீர் எப்போதோ உள்ளே இறங்கிப் போயிருக்கும்.

கல் வேறு என்பதால் நடக்கும் முறையும் வேறு. சுண்ணாம்புக் குகைக்கு மழை நாளில் போகக்கூடாது. தூரத்தில் பெய்த மழையும் உள்ளே ஆறாக வந்து வழியை மூடிவிடும். நம் மலைகளில் எதிரி வெயில். பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைத் தாந்தாமலைக்குக் கூட்டிப்போனேன். அப்போது மண்முனையில் பாலம் இல்லை, பாதை என்று நாம் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்திருந்து நேரம் போய்விட்டது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதம். உச்சி வெயிலில், கொண்டுபோன தண்ணீர் தீர்ந்த நிலையில் பிள்ளைகளைப் பாறையில் ஏற்றினேன். ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். கல்லின் சூட்டில் அவளுடைய பாதம் கொப்பளித்திருந்தது. அவள் கண் திறக்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கு மேல் நான் யாரையும் மொட்டைப் பாறையில் ஏற்றியதில்லை.

2014இலிருந்து மண்முனைப் பாலம் இருக்கிறது, விடியுமுன் புறப்பட்டால் போதும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீராவது வேண்டும். மாரி காலத்தில் பாசி படிந்த பாறை வழுக்கும். தேன்கூடு தொங்கும் பாறைக்கு அருகில் புகை, கூச்சல், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். யானை இறங்கும் பாதைகளில் பின்னேரம் நான்கு மணிக்குமேல் நிற்காதீர்கள். காவல் பரணில் இருக்கும் வெள்ளாமைக்காரரிடம் முதலில் விசாரியுங்கள், முந்தின இரவு யானை எந்தப் பக்கம் போனது என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்கிறேன். பாறையில் பெயிண்டால் பெயர் எழுதாதீர்கள். குகையில் என் கையைத் தடுத்த அந்தப் பிள்ளையைப்போல் இங்கே யாரும் தடுப்பதில்லை என்பதற்காக எழுதிவிடலாமா?

சுண்ணாம்புக் கல் நமக்கு இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அது கடலுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. பாசிக்குடாவிலும் காயாங்கேணியிலும் உள்ள முருகைக்கல், அதாவது பவளப்பாறை, உயிருள்ள சுண்ணாம்பு. நம் வட்டாவில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்புக்கு அதன் உறவுண்டு. இந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் அதை உடைத்துச் சூளையில் சுட்டார்கள். காயாங்கேணிக் கடல் 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத நீரில் அதன்மேல் கால் வைத்து நடப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். ஈப்போவில் மலையாக நிற்பதும் முன்னொரு கடலடியில் சேர்ந்ததுதான்.

சென்ற ஆண்டு பேரனைக் கூட்டிக்கொண்டு உகந்தைக்குப் போனேன். விடிகிற நேரத்தில் மலையேறினோம். சுனை நீரில் வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. சுனையிலிருந்து தள்ளி, ஒரு புறத்தில், வினாகிரிப் போத்தலை அவனிடம் கொடுத்தேன். கல்லில் ஒரு துளி விட்டான். துளி உருண்டு வழிந்தது. "ஒன்றும் நடக்கவில்லையே அப்பப்பா" என்றான். கீழே இறங்கிக் கடற்கரைக்கு வந்ததும் மணலில் கிடந்த சிப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு துளி விட்டான். வெள்ளை நுரை எழும்பியது. அலைச் சத்தத்துக்கு நடுவே அந்தச் சிப்பியைக் காதோடு வைத்து, அது பொரிகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றான்.