அந்த முகத்தின் மேலா விலை ஒட்டுவீர்கள்?

வணக்கம் மக்களே. போன வாரம் சொன்ன ஹெட்ஃபோன் வீடியோ இன்றைக்கு வராது, அது அப்புறம். இதோ, கையில் என்ன இருக்கிறது பாருங்கள். இங்கிலாந்து ராக் இசைக்குழு கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம், 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', இசைத்தட்டாக! எத்தனை வீடியோவில் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் ஒரு கடையில் 75 வெள்ளி சொன்னார்கள், பேசி 68-க்கு வாங்கினேன். 1969 அசல் இல்லை, பின்னால் வந்த மறுபதிப்பு. இருந்தாலும் தட்டில் ஒரு கீறல் கிடையாது.

ஆனால் விலைச் சீட்டை எங்கே ஒட்டியிருந்தார்கள் தெரியுமா? சரியாக மூக்கின் மேல்! இந்த அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. வாய் பிளந்து அலறும் அந்தச் சிவந்த முகம் மட்டும்தான். பேரி காட்பர் வரைந்தது. கம்ப்யூட்டர் புரோகிராமர் அவர். ஆல்பம் வந்து சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், 24 வயதில் இறந்துபோனார். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை இது. அதன்மேல் போய்ப் பசை தடவுவார்களா? பின்பக்கம் அவ்வளவு இடம் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்ததும் ஹேர் டிரையரை எடுத்தேன். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூலையை நகத்தால் மெல்ல மெல்லத் தூக்கினால்... வந்துவிட்டது! முழுசாக! கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், மூக்கில் ஒரு தடயம் இருக்கிறதா சொல்லுங்கள்.

சரி, இசைக்கு வருவோம். எல்லாரும் கிட்டார் வாசித்த ராபர்ட் ஃபிரிப், ஃபிரிப் என்றே பேசுகிறார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் இந்த ஆல்பத்தின் உயிர் இயன் மெக்டொனால்ட்தான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாக்ஸஃபோன், புல்லாங்குழல், மெல்லோட்ரான் எல்லாம் அவர்தான். ராணுவ இசைக்குழுவில் இருந்தவர். மெல்லோட்ரான் என்பது கீபோர்டு மாதிரி ஒரு கருவி. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடாத் துண்டு உண்டு. கட்டையை அழுத்தினால் அதில் பதிந்திருக்கும் வயலின் ஒலி ஓடும், சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். அதற்குள் விரலை மாற்றியாக வேண்டும். 'எபிடாஃப்' பாட்டில் பாடகர் கிரெக் லேக்கின் குரலுக்குப் பின்னால் அலை அலையாக எழுந்து வருகிறதே, அது இந்தக் கருவிதான். 21 வயதுப் பையனின் குரல் அது, நம்பவே முடியவில்லை.

ஆங், முதல் பாட்டைச் சொல்லாமலே வந்துவிட்டேன். '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' நடுவில் கிட்டார், சாக்ஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து பாய்ந்து, சட்டென்று நின்று, மறுபடி பாயும். தவில்காரர்கள் கோர்வை வைத்துத் தீர்மானம் போட்டு, தாளத்தில் சரியாக வந்து நிற்பதுபோல அவ்வளவு சுத்தம். மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். 1969 ஜனவரியில் ஒத்திகை தொடங்கியவர்கள், ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மேடையேறுவதற்கு முன் வாசித்து, அக்டோபர் 10-ல் இதை வெளியிட்டுவிட்டார்கள். தயாரிப்பாளரும் அவர்களேதான்.

'மூன்சைல்ட்' பாட்டைத் தள்ளிவிட்டுக் கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பாட்டு முடிந்தபின் பல நிமிடம் மெதுவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிப்பார்கள். அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உடனே கடைசிப் பாட்டின் அந்த மெல்லோட்ரான் வந்து விழும்போது பாருங்கள், புல்லரிக்கும். தள்ளிவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது.

அந்த வருடக் கடைசியிலேயே, அமெரிக்கப் பயணம் முடிவதற்குள், மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஐந்து பேரும், ஆமாம், வரிகள் எழுதிய பீட்டர் சின்ஃபீல்டையும் சேர்த்துத்தான், இன்னொரு ஸ்டூடியோ ஆல்பம் செய்யவே இல்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.