மட்கார்டில் இரும்பு ஃபிளேர்: துரு முதுகுப் பக்கத்திலிருந்து வரும்

[காட்சி: பழைய காரின் பின்சக்கர வளைவு. பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. ஒரு விரல் அழுத்த, தகடு உதிர்கிறது.]

வணக்கம். பழைய காரின் மட்கார்டில் இரும்பு ஃபிளேர், அதாவது அகலமான டயருக்கு இடம் கொடுக்க வெளியே விரிந்து நிற்கும் வளைவுத் தகடு, வைத்து வெல்டிங் செய்தால், பெயின்ட் அடித்த அன்றைக்கு எந்தக் காரும் அழகாகத்தான் இருக்கும். வேலையின் லட்சணம் ஓரிரு மழைக்காலம் போன பிறகுதான் தெரியும். நீங்கள் இப்போது பார்க்கும் இந்தக் கொப்புளம் வெளியே தொடங்கியது இல்லை. வெல்டின் முதுகுப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்கி, தகட்டைத் தின்றுவிட்டு வெளியே வந்திருக்கிறது. அதனால் இன்றைக்கு முதுகுப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறோம்.

பழைய சக்கர வளைவை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. போடப்போகும் வீலையும் டயரையும் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சஸ்பென்ஷனை முழுவதும் அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு இடம் வேண்டும் என்பதை டயரே சொல்லிவிடும்.

[காட்சி: வெட்டிய வளைவின் குறுக்குத் தோற்றம். வெளித்தகடு நீலம், உள்தகடு சிவப்பு.]

சரி, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பின் மட்கார்டு பெரும்பாலும் ஒற்றைத் தகடு கிடையாது. வெளித்தகடும் சக்கரத்தை மூடும் உள்தகடும் விளிம்பில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்த விளிம்பை வெட்டி எடுத்தால் இரண்டுக்கும் நடுவே வாய் திறந்துகொள்ளும். சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அந்த வழியாக நேராக உள்ளே போகும். பாடியின் வலுவும் குறையும். மேலே ஃபிளேரை மூடிவிட்டால் இது எதுவும் வெளியே தெரியாது, அதுதான் ஆபத்து.

எனவே முதலில் வெளித்தகட்டை மட்டும் வெட்டுங்கள். உள்தகட்டை மிச்சம் வைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு துண்டாக வெளிப்பக்கம் மடக்கித் தட்டி, வெளித்தகட்டோடு சேருங்கள். இடைவெளி விழும் இடங்களில் சின்னத் தகடு வெட்டி வைத்து முழுவதும் வெல்ட் பண்ணி அடையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.

அப்புறம் ஃபிளேர். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி வைப்பது சுலபம். ஆனால் அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தானாகவே ஏறி நிற்கும், பிரஷ்ஷும் அங்கே எட்டாது. விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்ட் செய்தால் இருபக்கமும் சுத்தம் செய்யலாம், ப்ரைமர் அடிக்கலாம். கஷ்டப்பட்டாலும் அப்படியே செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

[காட்சி: கிரைண்டரால் இருபுறமும் பளிச்சென்று தேய்த்த தகடு.]

பழைய பெயின்ட், அடிப்பூச்சு எல்லாவற்றையும் இருபக்கமும் எடுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின்பக்கம் வேலை செய்தால் பெட்ரோல் டேங்க், கார்ப்பெட் இரண்டும் வெளியே வரட்டும். துடைப்பதற்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தொடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். துத்தநாகப் பூச்சு உள்ள தகடு என்றால், வெல்ட் விழும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும்.

பழைய காரின் தகடு சுமார் 0.8 முதல் 1 மி.மீ. தடிமன்தான். மிக் மெஷினில், அதாவது வயர் தானாக வந்துகொண்டிருக்கும் வெல்டிங் மெஷினில், 0.6 மி.மீ. வயரும், ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் சரியாக வரும். வெல்டை ஒரே நீளக் கோடாக இழுக்காதீர்கள், ஓட்டை விழும், தகடும் நெளியும். இங்கே ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வையுங்கள். கை வைத்துத் தாங்கும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகே பக்கத்தில் அடுத்தது. ஈரத்துணி போட்டு அவசரமாகக் குளிர வைக்காதீர்கள்.

[காட்சி: இருட்டில் தகட்டுக்குப் பின்னால் விளக்கு. வெல்ட் வழியே இரண்டு மூன்று ஒளிப்புள்ளிகள்.]

தேய்த்து மட்டமாக்கியதும் விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கம் ஒரு டார்ச் பிடியுங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் தண்ணீரும் வரும். பட்டி போட்டு அதை மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். திரும்பவும் வெல்ட் வைத்தே அடையுங்கள்.

அன்றைக்கே இருபக்கமும் எபாக்ஸி ப்ரைமர். பளிச்சென்று இருக்கும் இரும்பு, ஈரக்காற்றில் ஒரே இரவில் மஞ்சளித்துவிடும். ப்ரைமர் காய்ந்த பிறகு இணைப்புகள் மீது சீம் சீலர் என்ற இடைவெளி அடைக்கும் பசை, அதற்கு அப்புறம்தான் பட்டி. சீலரை வெறும் இரும்பின் மீது அப்புவது, துருவுக்குப் போர்வை போர்த்துவதுதான். சக்கரத்தின் பக்கம் கல் தெறித்தால் தாங்கும் பூச்சு ஒன்றும் வேண்டும்.

கடைசியாக, மேல் பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, நீளக் குழாய் விட்டு உள்ளறைகளில் கேவிட்டி வேக்ஸ் என்ற துருத்தடுப்பு மெழுகை அடியுங்கள். முன்னாலேயே அடித்தால் அது கசிந்து பெயின்ட் ஒட்டாமல் போகும். வேக்ஸ் வடிந்து நின்றதும், அடியிலுள்ள வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். சீலரோ வேக்ஸோ அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிட்டு அப்புறம் வண்டியை இறக்குங்கள்.