கரமசோவ் வீட்டுப் பங்குச் சண்டை

வணக்கம் மக்களே. செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது புறாச் சத்தம். வீட்டு நடுமுற்றமான வளவில் குடியேறிவிட்டன, விரட்டினாலும் போகமாட்டேன் என்கின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் தோழியும் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ படிக்க ஆரம்பித்திருக்கிறோம். 1879, 1880ஆம் ஆண்டுகளில் மாத இதழில் தொடராக வந்த கதை. மொத்தம் 12 புத்தகங்கள் (நாவலின் பகுதிகளுக்கு அந்தப் பெயர்), அப்புறம் ஒரு பின்னுரை. நாங்கள் இரண்டு புத்தகங்களைத்தான் தாண்டியிருக்கிறோம். அதனால் இதை விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தத்துவ நாவல், கடவுள், ஆன்மா என்று எல்லாரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். திறந்தால் சொத்துத் தகராறு! அம்மா வழிச் சொத்தில் தனக்கு இன்னும் வரவேண்டியது இருக்கிறது என்கிறான் மூத்த மகன் மீத்யா. கணக்கெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று என்கிறார் அப்பா ஃபியோதர். நாங்கள் உட்கார்ந்து படிக்கிற இந்த வீட்டிலேயே, வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் அறை இருக்கிறது. பாதி அறைகளில் பூட்டு தொங்குகிறது. சாவி சென்னையில் ஒன்று, மலேசியாவில் ஒன்று. ஓடு மாற்றவேண்டும் என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்கவேண்டும். எங்களுக்கா இந்தக் கதை புரியாது?

இரண்டாம் புத்தகத்தில் அந்தத் தகராறைப் பேசித் தீர்க்க எல்லாரும் மடாலயத்துக்குப் போகிறார்கள். ஸோசிமா என்ற துறவி முன்னால் பஞ்சாயத்து. அங்கே போய் ஃபியோதர் அடிக்கிற கூத்து இருக்கிறதே! எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. தோழிக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகவில்லை. “பெத்த பிள்ளைகளை வேலைக்காரன் வளர்க்க விட்டுட்டுக் குடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன்டி, அவனைப் பார்த்து என்ன சிரிப்பு?” என்று என்னைத்தான் திட்டினாள். நியாயம்தான். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

மீத்யா வரத் தாமதமாகிறது. வேலையாள் நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டான். மீத்யாவுக்காகக் காத்திருக்கிற இடைவெளியில்தான் நடு மகன் இவான் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பேச்சு வருகிறது. தத்துவம் நுழைவது இப்படித்தான், பங்கு பிரிக்க வந்த இடத்தில், ஆள் வரும்வரை. அப்புறம் மீத்யா வந்து உட்கார்ந்த பிறகு, ஆன்மாவுக்கு அழிவில்லை என்ற நம்பிக்கை போய்விட்டால் எதுவும் தப்பில்லை என்று இவான் வாதிட்டதை ஒருவர் எடுத்துச் சொல்கிறார். அப்படித்தானா என்று மீத்யா கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறான், நினைவில் வைத்துக்கொள்வதாகவும் சொல்கிறான். அப்பன்மேல் கொதித்துக்கொண்டிருக்கிறவன் காதில் போய் அது விழுகிறது! எனக்கு அடிவயிறு கலங்கியது. தனியாகப் படித்திருந்தால் ஓடிப்போய் அடுத்த பக்கம் புரட்டியிருப்பேன். தோழிதான் பென்சிலை வைத்து அங்கேயே நிறுத்தினாள்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பகுதி. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடியானவப் பெண் ஸோசிமாவிடம் வந்து அழுகிறாள். மூன்று வயது நிறைய மூன்று மாதம்தான் இருந்தது என்கிறாள். பையன் பெயர் அலெக்ஸி. 1878இல் தஸ்தயேவ்ஸ்கி தன் மகனைப் பறிகொடுத்தபோது அவனுக்கும் அதே வயது, அதே பெயர். நாவலின் கடைசித் தம்பி அல்யோஷாவுக்கும் அந்தப் பெயர்தான், அல்யோஷா என்பது அலெக்ஸியின் செல்லப்பெயர். ஸோசிமா அவளை அழாதே என்று சொல்லவில்லை, அழச் சொல்கிறார். தோழி இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து ஆயா (பாட்டி) வந்து, “இன்னொரு தரம் வாசி ஆத்தா” என்றார்கள். அவர்களுக்கு ரஷ்யப் பெயர் ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

அல்யோஷா விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. இத்தனை நல்லவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்கிறாள் அவள். முன்னுரையிலேயே ஆசிரியர் அவனைத்தான் கதாநாயகன் என்கிறார், பொறுத்துப் பார்ப்போம் என்கிறேன் நான்.

படித்து முடித்தவர்கள் கமெண்ட்டில் கதையைச் சொல்லிவிடாதீர்கள். நான் பார்க்கமாட்டேன், ஆனால் அவள் ஒன்றுவிடாமல் படிப்பாள், படித்துவிட்டு என்னிடம் சொல்லாமலும் இருக்கமாட்டாள்.