1,800 ரேண்ட் ஃபில்டரும் பர்னார்ட் 86-உம்

வணக்கம் மக்களே! கண் சிவந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ராத்திரி தூங்கவில்லை. தென்னாப்பிரிக்காவில், டிராகன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் அண்டர்பர்க் பக்கம் இருண்ட நெபுலா பார்க்கப் போயிருந்தேன். நம்ம 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்தான். அதை பக்கியில் (பிக்அப் வண்டியில்) ஏற்ற நான் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

முதலில் டெலஸ்கோப்பில் மாட்டுகிற அந்த ஃபில்டர். 1,800 ரேண்ட்! "இருண்ட நெபுலா பளிச்சென்று தெரியும்" என்று டர்பனில் ஒரு கடையில் தலையில் கட்டிவிட்டார்கள். இருண்ட நெபுலா எங்கே பளிச்சென்று தெரிவது? அது பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கிற தூசியும் வாயுவும்தானே! இந்த ஃபில்டர் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வெட்டும். ஒளிரும் நெபுலாவுக்கு அருமை. இங்கே பின்னணி நட்சத்திரங்களும் மங்கிவிடுகின்றன, அப்புறம் கறுப்பு எப்படி எடுத்துக் காட்டும்? திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டியைப் பிரித்தாயிற்றாம், வாங்க மாட்டார்களாம். 1,800 ரேண்ட், மக்களே. அதற்கு எத்தனை பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிட்டிருக்கலாம்!

சரி, இருண்ட நெபுலாவுக்கு வருவோம். கோல்சாக் என்ற இருண்ட நெபுலாவுக்கு டெலஸ்கோப்பே வேண்டாம். தெற்குச் சிலுவைக்குப் பக்கத்தில், பால்வீதியில் ஓட்டை விழுந்த மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும். தூரம் சுமார் 600 ஒளியாண்டு. டெலஸ்கோப்பில் கண் வைக்கும் ஐபீஸில் பார்த்தால் சப்பென்று இருக்கும். அது ஏறக்குறைய 7 பாகை நீளம், எனக்கு அடங்குவது 1 பாகை.

ஆனால் பர்னார்ட் 86! தனுசு ராசியில், என்ஜிசி 6520 என்ற நட்சத்திரக் கொத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரு பக்கம் பொடிப்பொடியாக மின்னுகிறது, மறுபக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை. எனக்கு கோல்சாக்கைவிட இதுதான் உசத்தி, சண்டைக்கு வராதீர்கள். பர்னார்ட் என்ற அமெரிக்க வானியலாளர் 1919-இல் வெளியிட்ட பட்டியலில் இப்படி 182 இருக்கின்றன.

அட, சொல்ல மறந்துவிட்டேன்: தனுசு நமக்கு நேர் உச்சிக்கு வந்துவிடும். உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது பெரிய தலைவலி. கொத்து கொஞ்சம் மேற்கே சாயும்வரை காத்திருந்தேன், ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான். ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் 1834 முதல் 1838 வரை கேப் டவுனில் இருந்து இதே தெற்கு வானத்தைத் துழாவினார். அவருக்கு ஃபில்டர் விற்க ஆளில்லை, கொடுத்து வைத்தவர்.

அடுத்த அமாவாசைக்குப் பாம்பு நெபுலா, பர்னார்ட் 72. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் என் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.