சிரிப்பல்ல, சிறப்பே!

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, கோயில் கொடைத் திருவிழா பார்க்க வந்த இடத்தில் கொஞ்சம் நின்று எங்களையும் கேட்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“யாரும் வைக்காத பழப்பெயரைப் பெண் பிள்ளைக்கு வைப்பது சிறப்பா, சிரிப்பா?” இதுதான் தலைப்பு. சிரிப்பு என்று எனக்கு முன்னால் பேசிய அம்மையார் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 2004-ல் ஹாலிவுட் நடிகை க்வினெத் பேல்ட்ரோ மகளுக்கு ஆப்பிள் என்று பெயர் வைத்தாராம், அதைப் பார்த்து நாம் ஆடுகிறோமாம். பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காதாம். ஆச்சி பேரும் அம்மன் பேரும் வழக்கொழிந்து போகுமாம். கைதட்டலும் நன்றாகவே வாங்கினார்.

இறக்குமதிக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். திருநெல்வேலிச் சீமையில் முத்துக்கனி, செல்லக்கனி, தங்கக்கனி, ஜெயக்கனி இல்லாத தெரு உண்டா? இவர்களெல்லாம் ஹாலிவுட்டைப் பார்த்தா பேர் விட்டார்கள்? மேலப்பாளையத்தில் போய் ஜெய்த்தூன் பீவி வீடு எது என்று கேளுங்கள், “எந்த ஜெய்த்தூன்?” என்று திருப்பிக் கேட்பார்கள். ஜெய்த்தூன் என்பது ஆலிவ் பழம். பாளையங்கோட்டையில் வேதாகமம் வாசிக்கிறவர்களுக்குத் தாமாரைத் தெரியும். எபிரேயத்தில் அது பேரீச்ச மரம். குற்றாலநாதர் கோயில் தலமரம் குறும்பலா. சம்பந்தர் பதிகமே அந்தப் பலாவின் பேரில் இருக்கிறது. பழத்தோடு நமக்கு உள்ள சொந்தம் ஆப்பிளுக்கு ரொம்ப முந்தியது, அம்மா.

“கனி என்று பொதுவாக வைப்பது வேறு, இன்ன பழம் என்று குறித்து வைப்பது வேறு” என்று எதிரணியில் ஒருவர் தலையாட்டுகிறார். நியாயம்தான். அவரை அப்படியே ஒரு பழக்கன்று நர்சரிக்கு அழைத்துப் போகிறேன். மல்லிகா கேட்டால் ஒட்டு மாங்கன்று எடுத்துத் தருவார்கள். நீலத்தையும் தசேரியையும் கலந்து எடுத்த மாம்பழ ரகம் அது. அதே இரண்டையும் தாய் தகப்பன் மாற்றிக் கலந்து புதுதில்லியில் 1971-ல் எடுத்தது ஆம்ரபாலி. நீலத்தையும் அல்போன்சாவையும் கலந்தால் ரத்னா. மிருதுளா என்றால் மாதுளையில் ஒரு ரகம், கொய்யாவிலும் அர்கா மிருதுளா என்று ஒன்று. சுவேதா கேட்டால் அதுவும் கொய்யாதான். பெண்ணின் பெயரைப் பழத்துக்கு வைக்கும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பழத்தின் பெயரைப் பெண்ணுக்கு வைத்தால் மட்டும் ஏன் வருகிறது? பழத்தில் கோளாறு இல்லை. எந்தப் பழம், எந்த வடிவம் என்று பார்க்காமல் அவசரத்தில் வைக்கிறார்கள், அங்கேதான் கோளாறு.

கேலிக்கு வருகிறேன். எந்தப் பேரையும் கேலி செய்யலாம், இசக்கிமுத்துவை மட்டும் விட்டுவைக்கிறார்களா என்று கேட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ய மாட்டேன். சில பழங்கள் பேராக ஆகவே ஆகாது என்று எங்கள் அணியே ஒத்துக்கொள்கிறது. கொய்யா வேண்டாம். காரணத்தை இந்த மேடையில் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பப்பாளி என்றோ மாம்பழம் என்றோ நேராக வைக்க வேண்டாம். பெண்ணைப் பண்டமாக்கிப் பேசுகிற வாய்க்கு நாமே அவல் போட்டதாக ஆகும். எதிரணி அம்மையார் சொன்ன ‘பண்டம்’ என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறைத்தது. இலந்தை நல்ல ஓசைதான், ஆனால் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை வருகிறவன் போகிறவன் எல்லாம் பாடிவிட்டுப் போவான். எலுமிச்சை புளியங்குடிக்குப் பெருமை, லாரி முகப்பில் தொங்கினால் திருஷ்டிக்கு நல்லது, பிள்ளை பேரைச் சுருக்கினால் எலி. அத்தி என்று வைத்தால் வீட்டில் ஒருத்தர் குரல் கொடுக்க, அத்தை திரும்பிப் பார்ப்பாள். நாவலை ஆங்கிலத்தில் எழுதினால் வடக்கே ஒருவர் கடற்படை என்று படிப்பார். சாரல் காலத்தில் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவித்து வைத்து விற்கிறார்கள். அதையெல்லாம் வைக்கச் சொல்லி இங்கே யாரும் நிற்கவில்லை, பயப்பட வேண்டாம்.

ஜப்பானில் பெண் பிள்ளைக்கு மோமோ என்று வைக்கிறார்கள். அங்கே அது பீச் பழம். அதே பேரை நம்மூரில் வைத்தால், ஆவியில் வெந்த கொழுக்கட்டையைச் சட்னியோடு தரும் கடைதான் ஞாபகத்துக்கு வரும். அந்தந்த ஊர்க் காதுக்குத்தான் பேர்.

சரி, எதை வைக்கலாம்? நல்ல பேரா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பேரின் பின்னால் காய், பழம், மரம், ஜூஸ், ஊறுகாய் ஐந்தையும் ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். எட்டு வயதுப் பையன் என்னென்ன சொல்வானோ அத்தனையும் அதில் வந்துவிடும். அடுத்து, முதல் இரண்டு எழுத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள். செல்லமாகக் கூப்பிடப்போவது அதைத்தான். பிறகு மொட்டைமாடியில் நின்று தெருவைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். நெடிலில் முடிகிற பேரும், நீட்ட இடம் கொடுக்கும் இகரத்தில் முடிகிற பேரும் தெருக்கோடி வரை போகும். வில்வம், நாவல் போல மெய்யில் முடிவது பாதி வழியில் விழுந்துவிடும். கடைசியாக, ஆங்கிலத்தில் எழுதித் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த நாலிலும் தேறுகிற பேர் தேமா. இனிக்கிற மாமரம் என்று பொருள். செய்யுளை அசை பிரித்து அலகிடும்போது தேமா, புளிமா என்று பிள்ளைகள் எழுதுகிறார்களே, அதே தேமா. வாய்பாடு முழுக்க மரமும் காயும் கனியுமாக வைத்தவர்கள் நம்முடைய இலக்கணக்காரர்கள். தேமாவை அலகிட்டால் நேர் நேர், தேமா என்றே வரும். நெல்லியை அலகிட்டாலும் தேமாதான். மாதுளைக்கு நேர் நிரை, கூவிளம். இரண்டு அசையில், இரண்டு தட்டில் முடிகிற பேர் கூப்பிட எவ்வளவு லேசு என்று பாருங்கள். “ஏட்டி நெல்லி, இங்க வா” என்றால் அடுப்படியிலிருந்து ஆற்றங்கரை வரை கேட்கும்.

நெல்லியை நெல்லிக்கா என்பார்கள், ஊறுகா என்பார்கள். இதை மறைக்கவில்லை. ஆனால் அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி எது என்று வாத்தியார் வகுப்பில் கேட்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு எல்லோரும் திரும்பிப் பார்க்கப்போவது அந்தப் பிள்ளையைத்தான். அதற்குமேல் எவனாவது கேலி செய்தால் காய் விடட்டும், மறுநாள் பழம் விடட்டும். அந்த வயதில் சண்டையும் சமாதானமும் நம்ம ஊரில் காயும் பழமும்தானே!

ஆங்கில எழுத்தில் சறுக்குகிற இடத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். எதிரணி இதைத் தொடவே இல்லை. உண்மையான வம்பு இங்கேதான். கதலி என்று ஆசையாக ஒரு பேர் வைக்கிறீர்கள். களக்காட்டு வாழைத்தோட்டத்து வாசம் அடிக்கிற பேர். கே, ஏ, டி, எச், ஏ, எல், ஐ என்று எழுதிவிட்டால் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வாத்தியார் ‘காதலி’ என்று கூப்பிடுவார். வகுப்பு அன்றைக்கு நடக்காது. டி-யோடு எச் சேர்க்காமல் டி மட்டும் போட்டால் ‘கடலி’. எழுத்தை எப்படி மாற்றினாலும் கதலி தப்பாது, ஆகையால் விட்டுவிடுங்கள். மாதுளையைக் கடைசியில் ஏ, ஐ போட்டு முடித்தால் வெளியூர்க்காரர் ‘மதுலாய்’ என்பார். மாதுளா என்று வைத்து ஏ-யில் முடித்தால் ‘மதுலா’ என்பார். அது பரவாயில்லை, பிள்ளை திரும்பிப் பார்க்கும். தேமாவுக்கு டி, எச் போடுங்கள். அடுத்து ஒரே ஒரு ஈ போதும், நீட்ட நினைத்து இரண்டு ஈ போட்டால் ‘தீமா’ ஆகிவிடும். நெல்லியைக் கடைசியில் ஐ போட்டாலும் ஒய் போட்டாலும் உச்சரிப்பு மாறாது, அந்த விஷயத்தில் அது ரொம்பச் சமர்த்து.

இனிஷியலையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அப்பா மாரியப்பன், பிள்ளை கனி: மா. கனி. தானாக மாங்கனி ஆகிவிட்டது, அதிர்ஷ்டம். அப்பா காளியப்பன் என்றால் கா. கனி. காயும் கனியும் ஒரே பேரில்!

இனி ஆச்சி பேர். காந்திமதி, கோமதி, உலகம்மாள், குழல்வாய்மொழி என்று நம் அம்மன்கள் பேரை எடுத்துவிட்டா பழத்தை வைக்கச் சொல்கிறோம்? இல்லை. கோமதிக்கனி என்று வையுங்கள், சங்கரன்கோவிலும் வந்துவிடும், பழமும் வந்துவிடும். ஆச்சி முத்தம்மாள் என்றால் முத்துக்கனியில் ஆச்சி இருக்கிறாள். ஒரு எச்சரிக்கை: நெல்லி காந்திமதி என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் கடைசிச் சொல் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரலாம், விமான டிக்கெட்டில் பிள்ளை காந்திமதி ஆகிவிடலாம், மதிப்பெண் பட்டியலில் நெல்லி ஆகிவிடலாம். சேர்த்து ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்தச் சீமைக்கு ஏற்ற பேர் செந்தூரா. தோளில் சிவப்பேறிய மாம்பழம், சந்தையில் எல்லோரும் பார்த்தது. திருச்செந்தூரும் அதிலேயே இருக்கிறது. பழப்பேர் வைத்தால் சாமி பேர் போய்விடும் என்ற எதிரணி இதற்கு என்ன சொல்லும்? ஒரே ஒரு குறை. செந்தூரா என்று கூப்பிட்டால் செந்தூரனைக் கூப்பிட்டதுபோல் கேட்கும். படிவம் நிரப்புகிறவர் ஆண் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவார். செந்தூரி என்றோ செந்தூரக்கனி என்றோ வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இந்தக் ‘கனி’யைக் கேட்டதும் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று தமிழ்நாட்டில் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி “பிள்ளைக்கு என்ன பேரு விட்டிருக்கிய?” என்று கேட்பதற்குள் சான்றிதழில் ஏற்றிவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள் பாருங்கள், அந்த ஓட்டத்தில்தான் பாதிப் பேர் கெடுகிறது. ஓடத் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேர்க் கட்டம் காலியாக இருக்கலாம். 12 மாதத்துக்குள் பேரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுக் காதில் பேரைச் சொல்லுங்கள், மூன்று மாதம் வீட்டில் கூப்பிட்டுப் பாருங்கள். தாத்தா வாயில் வருகிறதா, அண்டை வீட்டார் எப்படிச் சுருக்குகிறார்கள் என்று அதற்குள் தெரிந்துவிடும். சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ள ஒரு பைசா செலவில்லை. ஏற்றிய பிறகு மாற்ற நினைத்தால் கதை வேறு. பதிவாளர் எழுத்துப் பிழையைத்தான் திருத்துவார், முழுப் பேரையும் மாற்ற அரசிதழ் வரை போக வேண்டும். ஆதாரில் பேரை மாற்ற ஆயுளுக்கு இரண்டு தடவைதான் வாய்ப்பு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளியில் சேர்ப்பது முதல் ஓட்டுநர் உரிமம் வரை அதையே கேட்பார்கள். அதனால் அதில் ஏறுகிற எழுத்துத்தான் மற்ற எல்லாவற்றிலும் ஏறும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். அலுவலகத்துக்குப் போகும்போது பேரை வாயால் சொல்லாதீர்கள். தட்டச்சு செய்கிறவருக்குத் தேமா புதிது, அவர் ஹேமா என்று அடித்துவிடுவார். ஒரு துண்டுத் தாளில் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒருமுறை எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி வாசியுங்கள். மாதுளாவில் ளகரம் இருக்கிறதா, செந்தூரக்கனியில் ‘க்’ விழுந்திருக்கிறதா, பாலினக் கட்டத்தில் பெண் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.